மூன்றாம் நாள் போன் செய்யுங்கள்: முதலாமாண்டு மாணவருக்குத் துணை நிற்கும் ஏற்பாட்டை நடத்தும் முறை

2014இல் என் முதலாமாண்டு பி.காம். வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கல்லூரிக்குள்ளேயே நடக்கும் முதல் அகத்தேர்வில் கணக்கியலில் 25க்கு 6 வாங்கினான். மறுநாளிலிருந்து அவனைக் காணோம். மூன்று மாதம் கழித்து, மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலக வாசலில் நின்றான். ஏன் தம்பி நின்றுவிட்டாய் என்று கேட்டேன். "அதுதான் பெயிலாகிவிட்டேனே, மேடம்" என்றான்.

அகத்தேர்வில் குறைந்தாலும் பருவத்தேர்வு எழுதலாம், அதிலும் தவறினால் அந்தப் பாடத்தைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று அரியர் வைத்துக்கொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் பெயில். கல்லூரியிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவன் வகுப்பாசிரியர் நானேதான்.

வட மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், அரசு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். எங்களிடம் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். அந்தப் பையனுக்குப் பிறகு, 2015 ஜூலையில், புதிதாகச் சேர்கிறவர்கள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள, என் வகுப்புக்கு மட்டுமாக ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினேன். இப்போது துறை முழுவதும் நடக்கிறது. தனி நிதி கிடையாது, தனி அறை கிடையாது, அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டதும் கிடையாது. இதைத் தங்கள் கல்லூரியில் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும், படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிற முன்னாள் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு நான் செய்தது பெரிய கூத்து. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தேன். இரண்டு மணி நேரம் பேசினார், பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் பொன்னாடை போர்த்தினேன். அடுத்த வாரமே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் காலை பஸ் நேரம் மாறியிருந்தது. இன்னொருவனுக்குக் கால்குலேட்டர் வாங்கப் பணமில்லை. வகுப்பில் திட்டு வாங்கியிருக்கிறான். பேச்சாளர் பாவம், இதற்கு அவர் என்ன செய்வார்?

"எந்தச் சந்தேகம் என்றாலும் என்னிடம் வந்து கேளுங்கள்" என்று சொல்வதும் அதே கணக்குத்தான். முதல் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். அவர்களுக்கு நாம் தேவையே இல்லை. நின்றுபோகிறவன் சொல்லிவிட்டுப் போவதில்லை. திங்கட்கிழமை வரமாட்டான், செவ்வாய்க்கிழமை வரமாட்டான், புதன்கிழமை வருவதற்கு வெட்கமாக இருக்கும், அடுத்த திங்கட்கிழமை செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். ஆகவே நாம்தான் போக வேண்டும். அதுவும் சேர்ந்த எட்டு வாரத்துக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு நான் மீட்டுக் கொண்டுவந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சேர்க்கை நாளும் ஓர் அட்டையும்

கலந்தாய்வு நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, அப்பாவோ தாய்மாமனோ கூட வர, பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பணம் கட்டி முடித்து வருகிறவரை உட்காரவைத்து, போஸ்ட் கார்டு அளவு அட்டையில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் நிரப்பிய படிவங்கள் போதும்.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்த பஸ்ஸில் வருவாய், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி? வேலைக்குப் போகிறாயா, எந்தெந்த நாள்? பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் உண்டா, தமிழ்வழியா ஆங்கிலவழியா? கடைசியாக, இந்த போன் எண் யாருடையது?

இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிள்ளை கொடுக்கும் எண் பல நேரம் அண்ணனுடையதாக இருக்கும். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். கல்லூரியிலிருந்து போகும் குறுஞ்செய்தி எல்லாம் திருப்பூருக்குப் போய்ச் சேரும். எனவே இரண்டாவதாக ஓர் எண் வாங்குங்கள்: பக்கத்து வீட்டுத் தோழி, அதே ஊரிலிருந்து வேறு துறைக்கு வருகிறவன், யாராவது.

அப்பா என்ன தொழில், வருமானம் எவ்வளவு என்று அட்டைக்காகக் கேட்காதீர்கள். அது அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பின்னால் நிற்கும் நான்கு பேர் காதில் விழும்படி அதை ஒரு பிள்ளை சொல்ல வேண்டியதில்லை.

பஸ் வாரியாகப் பிரியுங்கள்

எல்லாக் கல்லூரிகளிலும் வழிகாட்டிக் குழு என்று ஒன்று காகிதத்தில் இருக்கும். பதிவெண் 1 முதல் 20 வரை இவருக்கு, 21 முதல் 40 வரை அவருக்கு. பதிவெண் பெரும்பாலும் அகரவரிசை. பெயரின் முதலெழுத்து ஒன்றாக இருப்பதைத் தவிர அந்தக் குழுவுக்குள் வேறு ஒட்டுறவு கிடையாது. நான் மூன்று ஆண்டு அப்படித்தான் நடத்தினேன். கூட்டம் போட்டால் வருவார்கள், முகம் பார்ப்பார்கள், போவார்கள்.

நான்காம் ஆண்டு பஸ் வாரியாகப் பிரித்தேன். மலையடிவாரத்து பஸ் ஒரு குழு, ஏரிக்கரை வழி பஸ் ஒரு குழு, ரயிலில் வருகிறவர்கள் ஒரு குழு, விடுதிப் பிள்ளைகள் தனிக் குழு. அதே பஸ்ஸில் வரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் எட்டுப் பேருக்குத் துணை. கூட்டம் போட வேண்டிய வேலையே குறைந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் ஒரே பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்குத் தனியாக எதற்குக் கூட்டம்? "அவள் இரண்டு நாளாக ஏறவில்லை, மேடம்" என்ற செய்தி வருகைப் பதிவேட்டுக்கு முன்பாக என்னிடம் வந்துவிடுகிறது.

பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் (இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரிகள்) 2007இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தனி ஆலோசகர், புத்தகச் செலவு, கட்டணத்தில் விழும் துண்டு ஆகியவற்றோடு, நகரப் போக்குவரத்துக்கான இலவசப் பயண அட்டையும் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டதில், திட்டத்தில் இருந்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் சுமார் 40 சதவீதம், இல்லாதவர்களில் சுமார் 22 சதவீதம். அந்த 40இல் பயண அட்டையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பஸ் காசைப் படிப்பின் பகுதியாகவே எண்ணினார்களே, அது எனக்குப் பிடித்தது. நம் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. அது கைக்கு வரும்வரை உள்ள வாரங்கள்தான் சிக்கல். எங்கள் துணை மாணவர்களின் முதல் வேலை, தங்கள் எட்டுப் பேருடைய பாஸ் விண்ணப்பமும் புகைப்படத்தோடும் கையெழுத்தோடும் அலுவலகம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது.

துணைக்கு யாரைப் போடுவது

வகுப்பில் முதலிடம் வாங்குகிறவரைப் போடாதீர்கள். எனக்கும் முதலில் அந்த ஆசை இருந்தது. முதலிடக்காரிக்கு, மற்றவர்களுக்கு ஏன் புரியவில்லை என்பது புரியாது. ஓர் அரியர் வைத்து, அதை அடுத்த பருவத்தில் எழுதித் தேறியவரைத் தேடுங்கள். அவர் சொன்னால் புதியவர் நம்புவார். வகுப்பில் சத்தமாகப் பேசுகிறவரைவிட, பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்காருகிறவர் நல்லவர். பெண்கள் குழுவுக்கு அக்காக்கள்தான். பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜூன் கடைசியில் இரண்டு பிற்பகல்கள் பயிற்சி. பயிற்சி என்றால் நடித்துக் காட்டுவது. ஒருவர் மூன்று நாள் வராதவராக நடிப்பார், இன்னொருவர் போன் செய்வார். முதல் முயற்சியில் எல்லோரும் "ஏன் வரவில்லை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள், போலீஸ் விசாரணை மாதிரி. அதை மாற்றவே அரை மணி நேரம் ஆகும்.

துணை மாணவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. யாருக்காகவும் பாடப்பணி எழுதித் தரக்கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் செய்தி அனுப்பக்கூடாது, அவசரம் தவிர. "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவர்களுக்கு நான் தருவது மாதம் ஒரு முறை டீயும் பஜ்ஜியும், ஆண்டு முடிவில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழும். அந்தச் சான்றிதழை நேர்முகத் தேர்வில் கேட்டுப் பேசினார்கள் என்று இரண்டு பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாரம்: யாரும் சொல்லித்தராத சொற்கள்

கல்லூரி தனி மொழி பேசுகிறது. பருவம், அகத்தேர்வு, அரியர், துணைப்பாடம், கிரெடிட், தேர்வுக் கட்டணம், வருகைக் குறைவுக்கான விலக்குக் கட்டணம், போனஃபைடு சான்றிதழ், மறுமதிப்பீடு. இவற்றை ஏற்கெனவே தெரிந்துகொண்டு வருகிறவர் வீட்டில் யாரோ கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். மற்றவர்கள் தெரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வரையறை சொல்லாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அகமதிப்பீடு 25, பருவத்தேர்வு 75, தேர்ச்சிக்கு மொத்தம் 40. 75 சதவீத வருகை வேண்டும். கரும்பலகையில் எழுதுகிறேன்: பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்வரை விடுப்பு தாங்கும். "22 நாள் என்பது உன் பணப்பை. காய்ச்சலுக்கு எவ்வளவு, அக்கா கல்யாணத்துக்கு எவ்வளவு, ஊர்த் திருவிழாவுக்கு எவ்வளவு, நீயே பிரித்துக்கொள்" என்பேன். வணிகவியல் பிள்ளைகளுக்கு வரவு செலவாகச் சொன்னால் ஏறுகிறது. உங்கள் பல்கலைக்கழக விதி வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பையனின் கதையைச் சொல்வேன், பெயர் சொல்லாமல். அரியர் என்றால் என்ன என்பது அதற்குப் பிறகு யாருக்கும் மறப்பதில்லை.

அடுத்து ஒரு சுற்று நடை. துணை மாணவர் எட்டுப் பேரையும் அழைத்துக்கொண்டு போய், அலுவலகத்தில் எந்த ஜன்னலில் எதைக் கேட்பது, நூலகத்தில் புத்தகம் எடுப்பது எப்படி, தண்ணீர் எங்கே, பெண்கள் கழிப்பறைகளில் எது தாழ்ப்பாள் உள்ளது என்று காட்டுவார். கடைசியாகச் சொன்னதை நான் பட்டியலில் எழுதவில்லை, ஓர் அக்காவே சேர்த்தாள். அந்த ஜன்னல்களில் ஒன்றில் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது தாமே கேட்டுவிட்டு வர வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் முதல் தடவை கடிந்துகொள்ளத்தான் செய்வார். கூட ஓர் அண்ணன் நிற்கும்போது கடிபட்டால் அவ்வளவாக வலிக்காது.

மூன்றாம் நாள்

நான் விட்டுக்கொடுக்காத விதி இது ஒன்றுதான். ஒருவர் தொடர்ந்து மூன்று வேலை நாள் வராவிட்டால் அன்று மாலையே போன் போக வேண்டும். வார இறுதி குறுக்கிட்டாலும் சரி. முதல் போன் துணை மாணவரிடமிருந்து. பதில் இல்லையென்றால் மறுநாள் என்னிடமிருந்து.

என்ன பேசுவது? "உன்னைக் காணோமே என்று பார்த்தேன். நேற்றைய கணக்கு என் நோட்டில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பட்டுமா? நாளைக்கு பஸ்ஸில் உனக்கு இடம் போடட்டுமா?" இவ்வளவு போதும். காரணம் கேட்க வேண்டாம், தானாக வரும். அறிவுரை வேண்டாம். "வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது தெரியுமா?" என்ற வாக்கியத்தை எங்கள் துணை மாணவர்கள் உச்சரிக்கக்கூடாது. அது ஏற்கெனவே பயந்திருப்பவரைப் போர்வைக்குள் தள்ளும்.

வந்ததும் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது போனைவிடப் பெரிது. "வாங்க, இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டுவிட்டால் நம் வேலை முழுவதும் வீண். சக ஆசிரியர்களிடம் இதைத் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். துறைக் கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் அது வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு போன் செய்வது பற்றி, நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். 2017இல் ஒரு பெண் அடிக்கடி வராமல் இருந்தாள். அக்கறையாகத்தான், அவளிடம் சொல்லாமல் அவள் அப்பாவுக்கு போன் செய்தேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார், நன்றியும் சொன்னார். மகள் கல்லூரிக்கு என்று கிளம்பிப் போய் வகுப்பில் இல்லை என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. தை மாதத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. அவள் போயிருந்தது நகரத்து ஜெராக்ஸ் கடைக்கு, தேர்வுக் கட்டணத்துக்காக அரைநாள் வேலைக்கு. அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து, மாணவரிடம் கேட்காமல் வீட்டுக்கு போன் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. "உன் வீட்டில் யாரிடம் பேசினால் உனக்கு நல்லது?" என்று கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலும் அது அப்பாவாக இருக்காது. அத்தையாக, சித்தப்பாவாக, சில நேரம் பாட்டியாக இருக்கும்.

பதினைந்து நிமிடப் பேச்சு

முதல் எட்டு வாரத்தில் ஒவ்வொருவரிடமும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனியாகப் பேச வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 20 பேருக்கு மேல் என்றால் இது நடக்காது, ஏமாற்று வேலையாகிவிடும். 20 பேர் என்றால் வாரத்துக்கு 10 பேர், ஒரு நாளைக்கு இரண்டு பேர். முதல் சுழற்சி (ஷிப்ட்) வகுப்புகள் முடிந்து பஸ் வரும்வரை இருக்கும் இடைவெளியில் முடித்துவிடலாம். அறைக்குள் எதிரெதிராக நாற்காலி போடாதீர்கள். வேப்பமரத்தடித் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வரும்.

"எப்படிப் போகிறது?" என்றால் "நன்றாகப் போகிறது, மேடம்" என்றுதான் பதில் வரும். கேள்வி சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இந்த வாரம் எந்த வகுப்பில் தூக்கம் வந்தது? எந்த நோட்டில் ஒன்றுமே எழுதவில்லை? மதியம் யாரோடு சாப்பிட்டாய்? இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் கவனியுங்கள். ஆகஸ்ட் மாதத்திலும் தனியாகச் சாப்பிடுகிறவரை என் அட்டையில் சிவப்பு மையால் குறிக்கிறேன். மதிப்பெண் குறைந்தவரைவிட அவருக்காகத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பேச்சு முடியும்போது ஒரே ஒரு வேலை தீர்மானமாக வேண்டும், அதை மாணவரே சொல்ல வேண்டும். "நன்றாகப் படிப்பேன்" என்பதை நான் எழுதிக்கொள்ளமாட்டேன். "வியாழக்கிழமைக்குள் தேய்மானக் கணக்கு மூன்று போட்டு அண்ணாவிடம் காட்டுவேன்" என்றால் எழுதிக்கொள்வேன். அடுத்த முறை அட்டையை எடுத்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும். நாம் மறந்துவிட்டால் அவரும் மறந்துவிடுவார், அத்துடன் நம் மதிப்பும் போய்விடும். செய்யவில்லை என்றால் திட்டுவது வேண்டாம்; வேலையைப் பாதியாகக் குறைத்து மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு உதவி

பலவீனமான மாணவர் பட்டியல் ஒட்டி, அவர்களுக்கு மட்டும் மாலை வகுப்பு வைப்பது நம் பழைய வழக்கம். பெயர் ஒட்டப்பட்டவர்கள் வரவே மாட்டார்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் என்பவர் இதைத் திருப்பிப் போட்டார். மாணவரைக் குறிக்காமல் பாடத்தைக் குறித்தார். அதிகம் பேர் தவறும் பாடம் எது என்று பார்த்து, அந்தப் பாடத்துக்கு, விரும்பிய எல்லோரும் வரலாம் என்று, முன்பு அதைப் படித்துத் தேறிய மாணவர் ஒருவரை வைத்துக் கூட்டுப்படிப்பு நடத்தச் சொன்னார். வருகிறவருக்கு முத்திரை விழுவதில்லை. இன்று பல நாடுகளில் இந்த முறை நடக்கிறது.

எங்கள் துறையில் அந்தப் பாடம் முதல் பருவத்து நிதிநிலைக் கணக்கியல். வகுப்பில் பாதிப் பேர் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள், மீதிப் பேர் அறிவியல் பிரிவிலிருந்தோ தொழிற்பிரிவிலிருந்தோ வந்தவர்கள். படித்த பாதியிலும் தமிழ்வழிக்காரர்களுக்குப் "பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை" என்பது தூக்கத்திலும் வரும். அதையே டெபிட், கிரெடிட் என்று ஆங்கிலத்தில் கேட்டால் புதுப்பாடம் போல விழிப்பார்கள். தெரிந்ததே தெரியாமல் போகும் விசித்திரம் இது. ஆகவே முதல் இரண்டு வாரமும் இரண்டு பத்தி நோட்டு ஒன்று எழுதவைக்கிறேன்: இடப்பக்கம் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு, வலப்பக்கம் அதற்கான ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்தில் உச்சரிப்போடு. அங்கே ஓர் அழகு நடக்கும். தமிழ்வழிப் பிள்ளை கணக்கைச் சொல்லித்தருவாள், ஆங்கிலவழிப் பிள்ளை சொல்லைச் சொல்லித்தருவான். யார் யாருக்கு உதவுகிறார்கள் என்றே தெரியாது.

வாரம் இரண்டு நாள், வகுப்பு முடிந்ததும் 50 நிமிடம், நான்கு கணக்கு. துணை மாணவர் சாக்பீஸைத் தொடக்கூடாது; கேட்கலாம், போட்டுக் காட்டக்கூடாது. இதை அவர்களுக்குப் பழக்குவதுதான் கடினம், பாதிப் பேருக்கு உள்ளே ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். நான்கில் ஒரு கணக்காவது கொஞ்சம் முரட்டுக் கணக்காக இருக்கட்டும். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970களில் கவனித்தது இது. கால்குலஸில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் பலரும் தனியாக உழைத்துப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். அவர் தொடங்கிய கூட்டுப்பட்டறையில் எளிய பாடம் நடத்தவில்லை, வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். எளிய கணக்கையே கொடுத்துக்கொண்டிருந்தால், நம்மைப் பற்றி இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

ஆவணி

கல்லூரி ஜூலையில் தொடங்குகிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, வகுப்பு நிறைந்திருக்கும். ஆவணி பிறந்ததும் ஓட்டை விழும். பையன்கள் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். இரவு முழுவதும் பரிமாறி, பாத்திரம் அடுக்கி, விடியற்காலை காசு வாங்கிக்கொண்டு தூங்கப்போவார்கள். முதல் அகத்தேர்வும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். ஐப்பசியில் தீபாவளித் துணிக்கடை வேலை.

"வேலைக்குப் போகாதே" என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தக் காசில் ஒரு வீட்டு மளிகை நடக்கிறது. முகூர்த்த நாள்களை நாள்காட்டியில் பார்த்து, அகத்தேர்வுக் கால அட்டவணையை அதற்கேற்ப ஒரு நாள் இரண்டு நாள் நகர்த்தும்படி துறைத்தலைவரிடம் கேட்கிறேன். பாதி முறை நடக்கிறது. மாணவரிடம், அவருடைய 22 நாளிலிருந்து எத்தனை நாளை முகூர்த்தத்துக்கு ஒதுக்குகிறார் என்று எழுதவைக்கிறேன். எழுதிய பிறகு இரண்டு மூன்று கல்யாணங்களை அவர்களே விட்டுவிடுகிறார்கள்.

வரவேண்டிய பணம் வந்துசேர வைப்பதும் இந்த வேலையில் அடக்கம். அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சிக்கலும் அங்கேதான்: பள்ளியில் திறந்த கணக்கு செயலற்றுப் போயிருக்கும், ஆதார் இணைப்பு வேறு கணக்கில் இருக்கும், பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் எல்லோரையும் வங்கிப் புத்தகம் எடுத்துவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கும் இதே பார்வை உதவும். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை மட்டும் நான் யாரையும் நம்பி விடுவதில்லை; என் கையாலேயே கரும்பலகையின் மூலையில் எழுதி, அந்த நாள் கடக்கும்வரை அழிக்கவிடமாட்டேன்.

நம் கைக்கு மீறியவை

நாம் மனநல மருத்துவர் இல்லை. பேச்சில் "இருந்து என்ன பயன்" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலும், துணை மாணவர் அன்றே, அப்போதே என்னிடம் சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே என்று நான் தடுப்பது இதற்காகத்தான். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணும் தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் எங்கள் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கின்றன. ஆனால் எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை இருங்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் கூடப் போங்கள். ராகிங் புகாருக்கும் கட்டாயக் கல்யாணத்துக்கும் தனித்தனி வழிகள் இருக்கின்றன. முதலாமாண்டில் 18 வயது நிரம்பாத பெண்கள் இருப்பார்கள், அவர்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் (NAAC) குழு வரும் ஆண்டில் வழிகாட்டி ஆசிரியர் விகிதம், கூட்டக் குறிப்பு, கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். பச்சை அட்டை போட்ட கோப்புகள் ஒரே இரவில் பிறக்கும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் அட்டைகளை அந்தக் கோப்பில் சேர்த்துவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பது பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்னது. என்னுடையவை பூட்டிய பீரோவில் இருக்கின்றன. மூன்றாமாண்டு முடிந்ததும் அவரவரிடமே கொடுத்துவிடுகிறேன். தங்கள் பழைய பஸ் நேரத்தைப் படித்துச் சிரிப்பார்கள்.

முடிவு வரும் நாள்

முதல் பருவத்து முடிவுகள் பெரும்பாலும் விடுமுறை நாளிலோ இரவிலோதான் வெளியாகும். அன்று துணை மாணவர்கள் தங்கள் எட்டுப் பேருக்கும் செய்தி அனுப்ப வேண்டும்: "முடிவு பார்த்தாயா? எதுவாக இருந்தாலும் நாளைக்கு வா." மறுநாள் நான் வகுப்பில் பாடம் நடத்துவதில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி, அரியருக்கு எப்போது பணம் கட்டுவது, எந்தப் பாடத்தை முதலில் எழுதி முடிப்பது என்று கரும்பலகையில் போடுகிறேன். தவறியவர்கள் கையைத் தூக்கச் சொல்வதில்லை. துணை மாணவர்களில் ஒருவர் எழுந்து, தனக்கு எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண்ணில் அரியர் விழுந்தது, அதை எப்படி எழுதினார் என்று சொல்வார். போன ஆண்டு ஒரு பெண் தன் மதிப்பெண் பட்டியலையே கொண்டுவந்து முன் பெஞ்சில் வைத்துவிட்டாள். ஆளுக்காள் எடுத்துப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டுக்கான துணை மாணவர்களை நான் அன்றே மனத்துக்குள் குறித்துக்கொள்கிறேன்: பக்கத்திலிருப்பவரின் முகம் வாடியதைக் கவனித்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறவர் யார், தன் அரியரை மறைக்காமல் சொல்கிறவர் யார் என்று. ஜூன் மாதத்தில் அவர்களில் யார் எந்த பஸ் என்று பார்த்தால் போதும். அட்டை வாங்கும்போது மாணவர் எண்ணிக்கையைவிடப் பத்து கூடுதலாக வாங்கிவையுங்கள். திண்ணையில் வைத்து எழுதுவதால் டீ கொட்டிவிடும்.